பீர் மலையேறிய காலம்

கொல்லிமலையின் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. பெங்களூர் நகரம் அமைந்திருப்பதோ சுமார் 920 மீட்டர் உயரத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பீர் வடிக்க முனைந்த பிரிட்டிஷ்காரர்கள் குளிர்ந்த காற்றைத் தேடி இமயமலை அடிவாரத்துக் கசௌலியிலும், இன்றைய பாகிஸ்தானில் உள்ள முர்ரீயிலும், தெற்கே நீலகிரியிலும் ஆலைகளை நிறுவினார்கள். குளிர் ஒன்றே காரணம் என்றால், பெங்களூரைவிட உயரமானதும், அருவிநீர் நிறைந்ததும், தானியம் விளைவதுமான கொல்லிமலையிலும் ஓர் ஆலை எழுந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே எதுவும் எழவில்லை, பெங்களூரோ நாட்டின் மிகப்பெரிய பீர் நிறுவனமான யுனைடெட் புரூவரீஸின் தலைமையிடமாயிற்று. இந்த முரணை விளக்க வேண்டுமானால், பீர் என்னும் பானத்தின் வேதியியலையும், அதை வடித்து விற்ற பெருநிறுவனங்கள் வெப்பத்தோடு நடத்திய நீண்ட போராட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முளையும் மாவும்

கள்ளும் திராட்சை மதுவும் எளிதில் உருவாகின்றன. ஏனெனில் பதநீரிலும் பழச்சாற்றிலும் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது, காற்றிலும் பாளையிலும் பழத்தோலிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் ஒற்றைச்செல் பூஞ்சை அந்தச் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கார்பன்டைஆக்சைடையும் வெளியிடுகிறது. தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. அது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பெரும் மூலக்கூறு என்பதால், பீர் வடிக்கும் ஈஸ்ட்டால் அதை நேரடியாக உண்ண முடியாது. எனவே தானியத்திலிருந்து மது வடிக்க விரும்பிய எல்லாச் சமூகங்களும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க ஒரு வழியைக் கண்டறிய வேண்டியிருந்தது. பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை ஆறவைத்து, அதில் அடையைக் கலந்து, வாய் வலுத்த சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் நறும்பிழியைப் பற்றிக் கூறுவதிலிருந்து, தமிழகத்து வீடுகளில் இந்த நுட்பம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது தெரிகிறது.

ஐரோப்பியர்கள் இதற்குக் கையாண்ட வழி முளைகட்டுதல். வாற்கோதுமை எனப்படும் பார்லியை நீரில் ஊறவைத்துத் தரையில் பரப்பினால், வித்தின் உள்ளே உறங்கும் கரு விழித்து, தன் உணவாகிய மாவுச்சத்தைக் கரைப்பதற்காக அமிலேஸ் என்னும் நொதிகளை உருவாக்குகிறது. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் மாறாமல் எஞ்சும் புரதம். முளை நீள்வதற்குள் தானியத்தைச் சூட்டில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிட்டால், நொதிகள் அழியாமல் உறைந்து நிற்கும் முளைதானியம், அதாவது மால்ட், கிடைக்கிறது. அதை உடைத்து ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது நொதிகள் மறுபடியும் செயல்பட்டு, மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கின்றன. வெப்பம் குறைந்தால் மாவுச்சத்து இளகாது. கூடினால் நொதிகள் சிதைந்துவிடும். இந்த இனிப்பான தானியச்சாற்றை வடித்து, கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கொத்துகளோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் பீர் உருவாகிறது. 1833-ல் பிரெஞ்சு வேதியியலர்களான பாயனும் பெர்சோவும் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ் என்னும் பொருளே அறிவியல் முதன்முதலில் தனித்தெடுத்த நொதி என்பதால், இன்றைய நொதி வேதியியலின் வேர் முளைதானியத்தில் இருக்கிறது என்று கூறலாம்.

நொதித்தலின் வெப்பம்

இந்தச் செய்முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் குறுக்கிடுகிறது. ஆயினும் மிகக் கடுமையாகக் குறுக்கிடும் இடம் நொதித்தல்தான். ஈஸ்ட் ஒரு கிலோ சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது ஏறத்தாழ 600 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. ஒரு லிட்டர் தானியச்சாற்றில் நொதிக்கக்கூடிய சர்க்கரை 80 கிராம் இருப்பதாகக் கொண்டால், அதிலிருந்து பிறக்கும் வெப்பம் அந்தச் சாற்றின் வெப்பநிலையைச் சுமார் 11 டிகிரி உயர்த்தப் போதுமானது. பிரிட்டிஷ் ஏல் வகை பீர் 15 முதல் 22 டிகிரி வரையிலான வெப்பநிலையில் நன்றாக விளைகிறது. ஜெர்மானியரின் லாகர் வகைக்கு 8 முதல் 13 டிகிரி வரையே ஏற்றது. இந்த எல்லையைத் தாண்டி 30 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களையும் காரமான மணப்பொருள்களையும் கூடுதலாக உருவாக்குகிறது. அதோடு, பாலைத் தயிராக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் உறவினங்கள் சாற்றில் பெருகி, அதைப் புளிக்கச் செய்துவிடுகின்றன.

பாத்திரத்தின் அளவு இந்தச் சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது. ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரட்டிப்பாக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெப்பத்தை வெளியேற்றும் மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும்; ஆகவே வெப்பம் பிறக்கும் வேகத்துக்கு அது வெளியேறும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. வீட்டுச் சாடியில் வடிக்கும் மது தன் சூட்டைச் சுவர்வழியே இழந்து தானாகவே ஆறிக்கொள்ளும். நிறுவனம் வடிக்கும் பெருந்தொட்டி தன் சூட்டிலேயே வெந்துபோகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டன் ஆலைகளில் எழுந்த தொட்டிகள் எவ்வளவு பெரியவை என்பதை, 1814 அக்டோபர் 17 அன்று மியூ நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ ஆலையில் ஒரு தொட்டி உடைந்து, பீர் வெள்ளமாகப் பாய்ந்து எட்டுப் பேர் இறந்த விபத்து உணர்த்துகிறது. இங்கிலாந்தின் குளிரிலும்கூடக் கோடைமாதங்களில் பீர் வடிப்பதைப் பெரும்பாலான ஆலைகள் நிறுத்திவைத்தன. பவேரியாவில் 1539-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, ஏப்ரல் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை வடிப்பதையே தடைசெய்திருந்தது.

ஆகவே பீர் நிறுவனம் பெரிதாக வளர்வதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலை வளர்வதும் ஒன்றையொன்று சார்ந்தே நடந்தன. லண்டனின் விட்பிரெட் ஆலை 1785-லேயே ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டது. வெப்பமும் இயக்க ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதை 1840-களில் நுண்ணிய வெப்பமானிகளின் உதவியால் அளந்து நிறுவிய ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். ஆற்றலின் அலகு இன்றுவரை அவர் பெயரால் வழங்குகிறது.

பர்ட்டனின் கிணறுகள்

பிரிட்டிஷ் பீர் நிறுவனங்களுள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் முதலிடத்தை எட்டியது பாஸ். பொருள்களை வண்டியில் ஏற்றிச் செல்லும் தொழில் நடத்திவந்த வில்லியம் பாஸ், 1777-ல் நடு இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் அதை நிறுவினார். அந்த ஊரின் ஆலைகள் முதலில் பால்டிக் கடல்வழியே ரஷ்யாவுக்குப் பீர் அனுப்பிவந்தன. நெப்போலியன் காலத்துப் போர்களும் அதன்பின் ரஷ்யா விதித்த கடுமையான சுங்கவரியும் அந்தச் சந்தையை அடைத்துவிட்டன. அக்காலத்தில் இந்தியச் சந்தை லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் ஆலை இருந்ததும், கப்பல் அதிகாரிகளுக்கு நீண்ட தவணையில் சரக்குக் கொடுத்ததும் ஹாட்ஜ்சனின் வெற்றிக்குக் காரணங்களாயின. 1820-களின் தொடக்கத்தில் பர்ட்டனின் ஆல்சாப் நிறுவனமும், அதைத் தொடர்ந்து பாஸ் நிறுவனமும் வெளிர்நிறமும் மிகுந்த கசப்பும் கொண்ட பீரை வடித்து அச்சந்தைக்குள் நுழைந்தன. இதுவே பின்னாளில் இந்தியா பேல் ஏல் என்று பெயர்பெற்றது.

இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த பாய்மரக் கப்பல்கள் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்களைக் கடலில் கழித்தன. இந்தப் பயணத்தைப் பீர் தாங்கியதற்கு ஹாப்ஸின் பங்கு பெரிது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறிக் கசப்பான ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாகின்றன; இவை லாக்டிக் பாக்டீரியாக்களின் செல்சவ்வைக் குலைத்து அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றன, ஈஸ்ட்டை மட்டும் தீண்டுவதில்லை. அதோடு, சாற்றிலிருந்த சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிட்டதால் பாக்டீரியாக்களுக்கு உணவும் குறைந்தது. இந்தியாவுக்கென்றே ஒருவர் இந்தப் பீரைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குச் சான்றில்லை; இங்கிலாந்தில் முன்பே இருந்த வகை ஒன்று நீண்ட கடற்பயணத்துக்குப் பொருந்திவந்தது என்பதே சரியான விளக்கம்.

பர்ட்டன் பீர் லண்டன் பீரைவிடத் தெளிவாகவும் கூர்மையான கசப்போடும் இருந்ததன் காரணம் நிலத்தடியில் இருந்தது. அவ்வூர்க் கிணற்றுநீர் ஜிப்சம் கலந்த பாறைப் படிவுகளின் ஊடாக ஊறி வருவதால், அதில் கால்சியமும் சல்பேட்டும் மிகுதி. சல்பேட் மட்டுமே லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கால்சியம், தானியத்திலுள்ள பாஸ்பேட்டுகளோடு வினைபுரிந்து சாற்றின் அமிலத்தன்மையைச் சற்று உயர்த்துகிறது. அது அமிலேஸ் நொதிகளுக்கு உகந்த நிலை. சல்பேட்டோ ஹாப்ஸின் கசப்பைத் துலக்கிக் காட்டுகிறது. பின்னர் வேதியியலர்கள் இதைப் பகுத்தறிந்ததும், மென்னீர் கிடைக்கும் ஊர்களிலும் ஜிப்சத்தைச் சேர்த்துப் பர்ட்டன் நீரை உருவாக்கும் முறை பரவியது. 1839-ல் இரயில் பர்ட்டனை எட்டியபின் பாஸ் நிறுவனத்தின் வளர்ச்சி வேகம்பிடித்தது. 1868-ல் திறக்கப்பட்ட லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் நிலவறைத் தூண்களுக்கிடையிலான தூரமே பர்ட்டன் பீர்ப்பீப்பாய்களின் அளவை ஒட்டித்தான் வகுக்கப்பட்டது. பிரிட்டனின் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1876 ஜனவரி 1 அன்று முதலாவதாகப் பதிவான சின்னம் பாஸின் சிவப்பு முக்கோணம். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பீப்பாய் வடித்து, உலகின் மிகப்பெரிய பீர் ஆலையாக விளங்கியது.

மலையில் எழுந்த ஆலைகள்

கப்பலில் வந்த பீர் விலை கூடியது. ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் படைவீரர்கள் தங்கியிருந்த நாட்டில் அதை உள்ளூரிலேயே வடித்தால் இலாபம் கிட்டும் என்பது தெளிவு. ஆனால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 டிகிரியைத் தாண்டும் சென்னையில் நொதித்தலைத் தொடங்குவதே பிழையாகிவிடும். 1842-ல் சென்னைக் கடற்கரையில் அமெரிக்காவின் டியூடர் நிறுவனம் கட்டிய ஐஸ் ஹவுஸில் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டி சேமிக்கப்பட்டது. எனினும் அது குடிப்பதற்கு முன் குவளையைக் குளிர்விக்க உதவியதே ஒழிய, ஆலைத் தொட்டிகளைக் குளிர்விக்கும் அளவுக்கு மலிவாக இருக்கவில்லை.

எஞ்சிய வழி உயரத்தைத் தேடிச் செல்வது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது, விரிவடையும் காற்று குளிர்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. 1850-களில் எட்வர்ட் டயர் கசௌலியில் ஆலை அமைத்தார். 1860-ல் முர்ரீ ஆலை நிறுவப்பட்டது. பர்ட்டனின் மதுவடிப்புக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த எச். ஜி. மீக்கின் பின்னர் டயரின் ஆலைகளை வாங்கினார். தெற்கே நீலகிரியில் 1857-ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட காசில் ஆலை இயங்கியது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1850 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேற்சொன்ன கணக்குப்படி அவற்றின் சராசரி வெப்பநிலை முறையே 14, 16 டிகிரி அளவில் அமையும். நொதித்தலின் வெப்பம் சேர்ந்தாலும், அதில் ஒரு பகுதி சுவர்வழியே வெளியேறிவிடுவதால் ஏல் வகைக்கு உரிய எல்லைக்குள் அதை நிறுத்திவைக்க முடிந்தது. படுகர் மக்கள் நீலகிரியில் பார்லியைப் பயிரிட்டுவந்ததும் கூடுதல் வசதி.

இதே கணக்கைக் கொல்லிமலைக்குப் பொருத்தினால் 1200 மீட்டர் உயரத்தில் சராசரி வெப்பநிலை 21 டிகிரி அளவில் வருகிறது. அடிவாரத்து நாமக்கல், சேந்தமங்கலம் ஊர்களோடு ஒப்பிட்டால் அது இதமான குளிர். ஆனால் 21 டிகிரியில் தொடங்கும் பெருந்தொட்டி, நொதித்தல் உச்சத்தை அடையும்போது 30 டிகிரியை நெருங்கிவிடும். நீரைப் பொறுத்தவரை இரு மலைகளும் ஒரே இனம்: நீலகிரியும் கொல்லிமலையும் சார்னோக்கைட் என்னும் கடினமான படிகப் பாறையால் ஆனவை, அத்தகைய பாறையின்மேல் ஓடிவரும் நீரில் கால்சியமும் சல்பேட்டும் மிகக் குறைவாகவே கரைந்திருக்கும். அந்தக் குறையை நிரப்பத் தேவையான ஜிப்சம் கொல்லிமலைக்குக் கிழக்கே பெரம்பலூர்ப் பகுதியின் காரைக் களிமண் படிவுகளில் உண்டு. ஆக, நீர் தடையாக இருக்கவில்லை. வெப்பம் ஓரளவு தடையாயிற்று. அதைவிடப் பெரிய தடைகள் வேறு இருந்தன. நீலகிரியில் ஆளுநரின் கோடைத் தலைநகரமும், வெலிங்டன் படைமுகாமும், தோட்டத் துரைகளின் மனமகிழ் மன்றங்களும் இருந்தன. மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போன கொல்லிமலையில் பிரிட்டிஷார் பெருமளவில் குடியேறவில்லை. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்குப் பீப்பாய் ஏற்றிய வண்டி செல்லும் பாதை இல்லாத காலத்தில், அங்கே வடிக்கும் பீரைக் குடிப்பவர் அருகிலும் இல்லை, தொலைவிலிருப்பவரை எட்டும் வழியும் இல்லை.

ஆய்வுக்கூடமும் குளிர்பதன இயந்திரமும்

மலையுச்சி ஆலைகள் தழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவற்றைத் தேவையற்றவையாக்கும் அறிவியல் ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்தது. 1871-ல் லூயி பாஸ்டர் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று, அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் நோக்கி, அதில் பாக்டீரியாக்கள் கலந்திருப்பதைக் காட்டியபின், அந்த ஆலை உடனே ஒரு நுண்ணோக்கியை வாங்கியது. பீர் கெடுவது நுண்ணுயிர்களால் என்பதை விளக்கும் அவரது நூல் 1876-ல் வெளிவந்தது. பர்ட்டன் ஆலைகள் அதற்கு முன்பே வேதியியலர்களைப் பணியில் அமர்த்தியிருந்தன. பாஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்னீலியஸ் ஓ'சல்லிவன், மாவுச்சத்திலிருந்து உருவாகும் சர்க்கரை மால்டோஸ் என்பதை 1872-ல் உறுதிப்படுத்தினார். ஆல்சாப் நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் கிரீஸ், அங்கே சேருமுன் தாம் கண்டறிந்திருந்த டயசோ சேர்மங்கள் வழியாகச் செயற்கைச் சாயத் தொழிலுக்கு அடித்தளமிட்டவர். டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் 1883-ல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் அளவுகோலை 1909-ல் சோரன்சன் வகுத்ததும் அங்கேதான். அயர்லாந்தின் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட், சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளிலிருந்து நம்பத்தக்க முடிவுக்கு வரும் புள்ளியியல் முறையை 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் வெளியிட்டார்.

ஆனால் நிலவியலின் பிடியிலிருந்து பீரை விடுவித்தது இயந்திரக் குளிர்பதனமே. ஒரு நீர்மத்தை ஆவியாக்கும்போது அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை அழுத்தி மறுபடியும் நீர்மமாக்கும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. இந்த இரண்டையும் வெவ்வேறு இடங்களில் நிகழச்செய்தால் ஓரிடத்துச் சூட்டை இன்னோரிடத்துக்கு இறைத்துவிடலாம். கார்ல் லிண்டே இந்தக் கொள்கையில் அமைந்த இயந்திரத்தை 1870-களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையில் சோதித்து, அமோனியாவைப் பயன்படுத்தி மேம்படுத்தினார். உலகெங்கும் பரவிய குளிர்பதனத் தொழிலின் முதல் பெரிய வாடிக்கையாளர்கள் பீர் ஆலைகள்தான் என்பதை நினைத்தால், இன்றைய பால் பதனிடும் நிலையங்களும் தடுப்பூசிக் கிடங்குகளும் அந்தத் தொட்டிகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

இயந்திரம் வந்தபின் ஆலை மலையுச்சியில் இருக்கத் தேவையில்லை. குடிப்பவர்களுக்கும் இரயில் நிலையத்துக்கும் அருகில் இருப்பதே ஆதாயம். பெங்களூருக்கு 1864-ல் இரயில் வந்துவிட்டது, கன்டோன்மென்ட் பகுதியில் பெரும்படை தங்கியிருந்தது, மிதமான தட்பவெப்பத்தால் குளிர்விக்கும் செலவும் குறைந்தது. பெங்களூர் புரூயிங் கம்பெனி 1885-ல் தொடங்கியது. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன், இந்நிறுவனத்தையும் நீலகிரியின் காசில் ஆலையையும் உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை ஒன்றிணைத்து 1915 மார்ச் மாதத்தில் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார். மாட்டுவண்டிகளில் பெரும் பீப்பாய்களை ஏற்றிப் படைமுகாம்களுக்குக் கொண்டுசென்று விற்ற அந்நிறுவனத்தில், 1947-ல் விட்டல் மல்லையா முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்று, மறு ஆண்டே தலைவருமானார்.

கொல்லிமலையின் தானியங்கள்

பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஏன் பார்லியை விட்டு நகரவில்லை என்பதற்கும் அறிவியல் விடை உண்டு. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் தலைமுறைகளாக விளைந்துவந்தன. இவற்றின் உள்ளூர் இரகங்களைக் காக்கும் பணியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் அங்குள்ள உழவர்களோடு ஈடுபட்டுவருகிறது. சிறுதானியங்களுள் முளைகட்டும்போது அமிலேஸ் நன்றாகச் சுரப்பது கேழ்வரகில். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி நீர்த்து இனிப்பதன் காரணம் அதுவே, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் கேழ்வரகு மால்ட்டிலிருந்து பீர் வடிப்பதும் அதனால்தான். எனினும் பார்லிக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. அதன் மாவுச்சத்து, நொதிகள் சிதையாத வெப்பநிலையிலேயே இளகிவிடுகிறது. கேழ்வரகின் மாவுச்சத்துக்கோ அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் மால்டோஸை உருவாக்கும் பீட்டா-அமிலேஸ் நொதி நிலைப்பதில்லை. மேலும் பார்லியின் உமி தொட்டியின் அடியில் படிந்து, சாற்றை வடிகட்டும் படுகையாகத் தானே அமைகிறது. உமியற்ற கேழ்வரகில் அந்த வசதி இல்லை.

இவை கடக்க முடியாத தடைகள் அல்ல. நைஜீரிய அரசு 1988-ல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தபோது, கின்னஸ் உள்ளிட்ட ஆலைகள் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறி, வெளியிலிருந்து நொதிகளைச் சேர்த்தும் வடிகட்டும் கருவிகளை மாற்றியும் தொழிலைத் தொடர்ந்தன. இன்னும் சுவையான எடுத்துக்காட்டு மரவள்ளிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனபின் சேலம் வட்டாரத்தில் வேரூன்றிய ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டதால், கொல்லிமலையின் சாமைக் காடுகள் பலவும் மரவள்ளிக் காடுகளாயின. வெட்டிய கிழங்கு ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதே அதன் பெருங்குறை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சாப்மில்லர் நிறுவனம், மொசாம்பிக்கில் கிழங்கு விளையும் இடத்துக்கே நடமாடும் ஆலையைக் கொண்டுசென்று பதப்படுத்தி, 2011-ல் இம்பாலா என்னும் மரவள்ளிப் பீரை விற்கத் தொடங்கியது. மாவுச்சத்து எங்கிருந்து வந்தாலும் அதை உடைக்கும் நொதியும் குளிர்விக்கும் இயந்திரமும் கையில் இருந்தால் பீராக்கிவிடலாம் என்ற நிலையைத் தொழில் எட்டிவிட்டது.

சட்டத்தின் எல்லைகள்

வெப்பமும் தானியமும் விலகிக்கொண்ட இடத்தில் சட்டம் வந்து நின்றது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான்; 1937 அக்டோபர் 1 அன்று அது தொடங்கியபோது கொல்லிமலையும் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது, நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். மதுவரி இழப்பை ஈடுகட்ட 1939-ல் அந்த அரசு கொண்டுவந்த விற்பனை வரி, பின்னர் மாநிலங்களின் தலையாய வருவாயாக வளர்ந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது. 1971-ல் தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டு, 1981-ல் மறுபடியும் விலகியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி, 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. ஆலை எங்கே இயங்கலாம், எதை எவருக்கு என்ன விலையில் விற்கலாம் என்பவற்றை முன்பு உயரமும் காற்றும் தீர்மானித்தன. இப்போது மாநில அரசுகளின் ஆயத்தீர்வைத் துறைகள் தீர்மானிக்கின்றன.

பிரிட்டிஷ் பெருநிறுவனங்களும் இடத்தோடு இருந்த பிணைப்பை இழந்தன. பாஸ் நிறுவனம் பல இணைப்புகளுக்குப் பின், 2000-த்தில் தன் பீர்த் தொழிலை பெல்ஜியத்தின் இன்டர்புரூவுக்கு விற்றுவிட்டு, தங்கும் விடுதிகளையும் மதுக்கூடங்களையும் நடத்தும் நிறுவனமாக மாறியது. பின்னர் பெயரையும் மாற்றிக்கொண்டது. சாப்மில்லர் 2016-ல் ஏபி இன்பெவ் குழுமத்தில் கரைந்தது. யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தில் பங்கு வாங்கியிருந்த எடின்பரோவின் ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் 2008-ல் ஹைனெக்கன், கார்ல்ஸ்பர்க் ஆகிய இரு நிறுவனங்களாலும் பங்கிட்டுக்கொள்ளப்பட்டது. அந்தப் பங்கைப் பெற்ற நெதர்லாந்தின் ஹைனெக்கன் 2021-ல் பெங்களூர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை முழுமையாகக் கைக்கொண்டது.

கொல்லிமலைக்கும் பெங்களூருக்கும் இடையிலான புதிர் இவ்வளவில் அவிழ்கிறது. பெருந்தொட்டியின் சூட்டை இயற்கையே ஆற்றித்தர வேண்டியிருந்த காலத்தில் கொல்லிமலையின் உயரம் போதவில்லை, அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அருகில் சந்தையும் இல்லை. சூட்டை இயந்திரம் ஆற்றத் தொடங்கிய காலத்தில் உயரமே தேவைப்படவில்லை, இரயிலும் படைமுகாமும் இருந்த பெங்களூர் முந்திக்கொண்டது. இரண்டு கட்டங்களுக்கும் இடையே விழுந்ததால் கொல்லிமலை தன் தானியத்தைக் கஞ்சிக்கும் களிக்கும் வைத்துக்கொண்டது. பின்னாளில் அதன் மாவுச்சத்தைத் தேடி மலையேறி வந்த தொழில் பீர் அல்ல, ஜவ்வரிசி.